பாசாங் அக்காவின் ஈர மணல்

பினாங்குத் தீவைச் சுற்றியிருக்கும் கடல் முழுவதும் தனக்குச் சொந்தம் என்று நம்பிய ஒரே மனுஷி பாசாங் அக்காதான். பத்து பெரிங்கி என்கிற கடற்கரையில் வரிசையாக நிற்கும் பெரிய ஹோட்டல்கள் எல்லாம் அவளிடம் கடலை இரவல் வாங்கித்தான் தொழில் நடத்துகின்றன, அந்த நன்றிகூட இல்லாமல் அவளையே விரட்டுகின்றன என்பது அவள் கட்சி.

எனக்கோ கடல் என்றால் சாவு பயம். அந்த என்னைத்தான் அவள் ஞாயிறுதோறும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்றைக்கு நினைத்தாலும் முதலில் கோபம்தான் வருகிறது.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எங்களுக்கு எதிர் வீடு அவள் வீடு. எங்கள் சந்தையான பாசாரில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி கடையில் மீன் அறுத்துச் சுத்தம் செய்வாள். புருஷன் எப்போதோ போய்விட்டார். பிள்ளை இல்லை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். உண்மைப் பெயர் அவளுடைய ஐ.சி. அடையாள அட்டையில் இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை.

மலாயில் 'பாசாங்' என்றால் கடல் ஏறுவது, 'சூருட்' என்றால் வற்றுவது. மீன் படகு எப்போது வரும் என்பது அதை வைத்துத்தான் என்பதால் பாசாரில் அந்த இரண்டு வார்த்தைகளும் நாளெல்லாம் புழங்கும். அக்கா அதோடு நிறுத்தவில்லை. உலகத்தில் நடப்பது எல்லாமே அவளுக்கு அந்த இரண்டில் ஒன்றுதான். சம்பளம் வந்தால் பாசாங். மாதக் கடைசியில் சூருட். மேல் மாடிகளுக்குக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நாங்கள் வாளியும் கையுமாக நிற்போம். அவள் குழாயைத் தட்டிப் பார்த்து, "சூருட் லா. மத்தியானம் ஏறும்" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டுப் போவாள். சில நாள் ஏறவும் செய்யும்.

ஒருமுறை கோயில் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் எங்கள் ஃபிளாட்டில் தங்கினார். இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "அந்த அம்மா நல்லவங்களாத்தானே தெரியுறாங்க? ஏன் எல்லாரும் பாசாங்கு, பாசாங்குன்னு திட்டுறீங்க?"

நான் சிரித்தேன். அவர் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்து, "தண்ணியில கண்டம்" என்று சொல்லி, தட்சணை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டும் போனார். அந்த ஆள் இன்றைக்குக் கையில் கிடைத்தால் நான் பேசுகிற பேச்சை நீங்கள் அச்சில் போட மாட்டீர்கள். அன்றிலிருந்து என் அம்மா என்னைத் தொட்டிப் பக்கம்கூட விடவில்லை. மழை பெய்தால் வீட்டுக்குள் அடைப்பாள். சுற்றிலும் கடல் உள்ள தீவில் பிறந்துவிட்டு, நாலா பக்கமும் எமன் நிற்கிற மாதிரி வளர்ந்தேன்.

வளர்ந்து வேலை கிடைத்தது எங்கே? அக்கரையில், மாக் மண்டினில். பாலம் கட்டி முடிக்காத காலம் அது. தினமும் ஃபெரியில் போய் ஃபெரியில் வர வேண்டும். ஃபெரியின் நட்டநடுவில் ஒரு கம்பம் இருக்கும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முருகனைக் கூப்பிடுவேன். போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன வேலை? பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலை. தண்ணியில கண்டம் உள்ளவள் ஊருக்கெல்லாம் வாளி செய்தேன்.

இதைக் கேட்டதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், அந்த ஜோசியன் கடல்ல கண்டம்னு சொன்னானா, தண்ணியில கண்டம்னு சொன்னானா?"

"தண்ணியிலன்னுதான்கா சொன்னாரு."

"அப்ப என்னா லா பயம்? தண்ணின்னா குழாய்த் தண்ணி. கடல்னா கடல்னு சொல்லியிருப்பான்ல? நீ பாத்ரூம்ல ஜாக்கிரதையா இரு. கடல்ல ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

அதன் பிறகு கடல் பயம் போனதா? இல்லை. குளியலறையும் சேர்ந்து பயமாகிவிட்டது. கதவைத் தாழ் போடாமல் குளிக்க ஆரம்பித்தேன். அவள் என் பெயரையும் மறந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் 'கண்டம்'. "ஏ கண்டம்! நாளைக்கு ஞாயித்துக்கெழம, வரியா?" என்று படிக்கட்டில் நின்று கத்துவாள். நான்கு மாடிக்கும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்து பெரிங்கி. எங்கள் மாடிப் பெண்கள் நான்கைந்து பேர், தூக்குச்சட்டியில் மீ கோரெங், வாழையிலையில் நாசி லெமாக், மாற்றுச் சாரோங். நீல பஸ்ஸில் ஏறி மலையோரம் வளைந்து வளைந்து போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் கீழே கடல் தெரியும். மற்றவர்கள் அழகு என்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்தக் கரையில் நல்ல இடங்களையெல்லாம் ஹோட்டல்கள் வளைத்துப் போட்டிருந்தன. மிச்சம் விட்டது பாறையும் சாக்கடை வந்து விழுகிற ஓடையும்தான். ஹோட்டலுக்குள்ளே ஒரு கிளாஸ் பழச்சாறு குடிக்கிற காசுக்கு நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டு வந்துவிடலாம். இது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் என் கோபம். அக்காவுக்குக் கோபம் வராது. அவளிடம் சட்டம் இருந்தது.

மீன் கொடுக்கப் போன இடத்தில் ஒரு லாயர் வீட்டு அடுப்படி வாசலில் நின்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்ட சட்டம் அது. கடல் ஏறி நனைக்கிற மணல் வரைக்கும் கவர்மெண்டுக்குச் சொந்தம். அதற்கு மேலே காய்ந்த மணல்தான் ஹோட்டலுக்கு. "ஈர மணல்ல நிக்கிறவன எந்த மன்னனும் வெரட்ட முடியாது" என்பது அந்தச் சட்டத்தில் அவளாகச் சேர்த்துக்கொண்டது.

பெரிய ஹோட்டல் ஒன்றின் முன்னால் ஒரு பலகை நட்டிருந்தார்கள். 'பாந்தாய் பெர்செண்டிரியான்'. தனியார் கடற்கரை என்று அர்த்தம். அக்கா படித்த மலாய் பாசாரில் படித்தது. அங்கே 'செண்டிரி' என்றால் தானே, சொந்தம் என்று அர்த்தம். அவள் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பார்த்தியா கண்டம்? செண்டிரின்னு போட்டிருக்கான். சொந்தக் கடற்கரையாம்."

"அவங்களுக்குச் சொந்தம்னு போட்டிருக்காங்கக்கா."

"அவங்களுக்குன்னு எங்க இருக்கு? யாரு படிக்கிறாங்களோ அவங்களுக்கு. வா லா."

ஹோட்டல் காவலுக்கு நின்ற ஜாகா ஓடிவந்தார். நரைத்த மீசை வைத்த மலாய்க்கார மனிதர், பாக் மாட். விசில் ஊதினார். அக்கா இரண்டு விரலை வாயில் வைத்துத் திருப்பி விசில் அடித்தாள். அவர் விசிலைவிட அது சத்தம். படுத்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"ஆச்சி, தா போலே! இங்கே கூடாது!"

அக்கா காலால் மணலில் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே ஈரம், மேலே காய்ந்தது. பிறகு வெள்ளைக்காரர்களைப் பார்த்து அவளுடைய ஆங்கிலத்தை எடுத்துவிட்டாள்: "ஹலோ மிஸ்டர்! சேண்ட் டிரை, யூ. சேண்ட் வெட், மீ. சீ, ஃபிரீ!"

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கை தட்டினார். பாக் மாட்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கோட்டுக்கு மேலே நின்றார். நாங்கள் கீழே நின்றோம். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு.

கேட்க நன்றாக இருக்கும். அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். ஈர மணல் ஒரே அளவாக இருக்கிற பொருள் இல்லை. வற்றும்போது விளையாட்டுத் திடல் மாதிரி அகலமாகும். ஏறும்போது பாய் அளவு சுருங்கும். முன்னால் கடல், பின்னால் விசில் வைத்த ஜாகா, நடுவில் நான். அலை ஒரு அடி முன்னால் வந்தால் நான் ஒரு அடி பின்னால் போவேன். கோட்டைத் தாண்டினேன் என்று விசில் கேட்கும். பயந்து முன்னால் வருவேன். காலில் அலை அடிக்கும். பயந்து பின்னால் போவேன். மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டுச் சிரிப்பார்கள். நான் ஞாயிறு முழுக்க முன்னும் பின்னும் நடந்தே கழிப்பேன்.

"கண்டம் நல்லா எக்ஸசைஸ் பண்ணுது" என்பாள் அக்கா.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். போகாவிட்டால் அவள் நாள் முழுக்க என் வாசலில் உட்கார்ந்து, போகாததற்குக் காரணம் கேட்பாள். அதற்குக் கடலே மேல்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டைகளெல்லாம் கண்டெய்னர் பெட்டிக்குள் போன பிறகு தூக்குகிற தோளுக்கு அங்கே வேலை இல்லை. மாதக் கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வேலை போன ஆண்பிள்ளை வீட்டில் சத்தம் போட்டால் சமாளிக்கலாம். அவர் சத்தமே போடவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். அது எனக்குக் கடலைவிடப் பயமாக இருந்தது.

கடைசியில் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி ஒரு வேலை கிடைத்தது. கெபுன், அதாவது தோட்டக்காரர். எங்கே? அந்தப் பலகை நட்ட ஹோட்டலில்.

வேலையில் சேர்ந்த அன்று அவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "இப்ப சும்மா பார்க்கிறாங்க. சரியா இருந்தாத்தான் நிரந்தரம். துணி வெளுக்கிற ஆள் ஒருத்தர் பிள்ளைங்க நீச்சல்குளத்துல காலை நனைச்சதுக்கு அவர அன்னிக்கே அனுப்பிட்டாங்க. நீ அந்தப் பக்கம் தலவச்சுகூடப் படுக்காத."

நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். மீன் செதில் ஒட்டின கையோடு கேட்டுக்கொண்டாள்.

"சரி, தம்பி வேலை செய்யிற நாள்ல நாம போக வேணாம்" என்றாள். அவளிடமிருந்து அந்த அளவு விட்டுக்கொடுத்தல் வந்ததே பெரிது. அவருக்கு லீவு விழுகிற ஞாயிறுகளில் மட்டும் போனோம்.

ஆடி அமாவாசை வந்தது. அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. அவருக்கும் அன்று லீவு. என் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அதற்கு முந்தைய வருடம்தான் அவர் தவறியிருந்தார். எள்ளும் தண்ணீரும் பெண்பிள்ளை கொடுக்கக்கூடாது என்று ஐயர் சொல்லிவிட்டார். அக்கா கொதித்துப் போனாள்.

"கூடாதுன்னா அவரு மகனப் பெத்துக் குடுப்பாரா? செத்தவருக்குத் தாகம் எடுக்கும். யாரு கையில தண்ணின்னு பார்ப்பாரா? ஏ கண்டம், நீயே குடு. நான் பார்த்துக்கிறேன். அந்த ஹோட்டல் முன்னாலதான் தண்ணி சுத்தம்."

நான் சரி என்றேன். வீட்டுக்காரருக்கு லீவு என்ற தைரியம்தான்.

ஆனால் காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் இல்லை. கடைத்தெருவுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஹோட்டலில் ஏதோ விருந்து, புல் வெட்ட ஆள் போதவில்லை என்று கீழ்க் கடைக்குப் போன் வந்து, அவர் அவசரமாகப் புறப்பட்டுப் போனது எனக்குத் தெரியாது. கடைக்காரப் பையன் சொல்ல மறந்துவிட்டான். அவனையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அமாவாசை என்பதால் பஸ்ஸில் கூட்டம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பினாங்கில் நடுப்பகலில் பெரிய ஏற்றம் வரும். அதைச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். ஈர மணல் ஒரு பாய் அளவுதான் மிச்சம்.

"அக்கா, பாசாங். வேற நாள் வரலாம்."

"அமாவாசைய வேற நாளைக்கு வைப்பாங்களா? இறங்கு."

இறங்கினேன். கணுக்கால். முழங்கால். அக்கா என் முந்தானையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள், கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா பெயரைச் சொன்னேன். பயத்தில் பாதிப் பெயர் வரவில்லை. தண்ணீரை விட்டேனோ இல்லையோ, திரும்பி ஓடினேன். பாக் மாட் இது சாமி காரியம் என்று புரிந்துகொண்டு, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

அத்தோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்கா சாப்பாட்டைப் பிரித்துவிட்டாள்.

கடல் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு பெரிய அலை வந்து, எங்களுக்கும் பாக் மாட்டுக்கும் நடுவிலிருந்த கோட்டை அழித்தது. இன்னொன்று வந்து ஹோட்டலின் சாய்வு நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து திரும்பியது. அக்கா வாயில் சோற்றோடு எழுந்து நின்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என் கல்யாணத்தில்கூட எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"ஏய்! நனைஞ்சிருச்சி லா! இப்ப அது நம்ம எடம்!"

நேரே போனாள். ஒரு நாற்காலியில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் படுத்திருந்தார். அவர் தோளைத் தட்டினாள். "மிஸ்டர், சேண்ட் வெட். கெட் அப்."

அவர் எழுந்துவிட்டார். அதுதான் ஆச்சரியம். அக்கா சொன்னால் யாரும் எழுந்துவிடுவார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "கண்டம், சட்டிய இங்க கொண்டா" என்றாள்.

மேலே மாடத்தில் சட்டையில் பூப் போட்ட ஒரு பெரிய வெள்ளைக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஹோட்டலுக்கே பெரியவர் என்பது, உதவி மேனேஜர் ஓடிவந்த வேகத்தில் தெரிந்தது. உதவி மேனேஜர் யாழ்ப்பாணத் தமிழர். கழுத்துப் பட்டி, கண்ணாடி, பளபளக்கிற சப்பாத்து. அலை வந்து சப்பாத்தை நனைக்க, குதித்துப் பின்வாங்கினார். எனக்கு அவர்மேல் ஒரு நொடி பாசம் வந்தது. என்னைப் போலவே குதித்தார்.

"என்னம்மா இது? இஞ்ச இருக்கேலாது. கெஸ்ட் எல்லாம் பார்த்துக்கொண்டு நிக்கினம். எழும்புங்கோ."

"தண்ணி எறங்கட்டும், எழும்புறேன்" என்றாள் அக்கா.

"நான் பொலீசைக் கூப்பிடவேண்டி வரும்."

"கூப்பிடுங்க. பொலீஸ்காரன் எங்க நிப்பான்? ஈரத்துல நின்னா என் எடம்."

அவர் மாடத்தை ஒரு பார்வை பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது. அவருக்கும் பயம்தான். அங்கே பயப்படாத ஆள் ஒருத்திதான் இருந்தாள், அவள் நாற்காலியில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரடா அங்க? கார்டனர்! இந்தச் சாமான்களைத் தூக்கி வெளியில வை!"

பூச்செடிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் மண்வாரியோடு வந்தார். பச்சைச் சட்டை, தலையில் தொப்பி. என் வீட்டுக்காரர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. என் காதுக்குள் கடல் புகுந்துவிட்ட மாதிரி இரைச்சல். எங்களோடு வந்த பெண்களில் ஒருத்தி, வாய் இருக்கிற இடத்தில் புத்தி இல்லாதவள், "ஐயோ, அண்ணே!" என்று கத்திவிட்டாள்.

உதவி மேனேஜர் திரும்பினார். "என்ன அண்ணையோ? இவையள் உமக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

அவர் கையிலிருந்த மண்வாரியைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மறுபடியும் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பாட்டைக் குறைக்கிற காட்சி என் கண் முன்னால் வந்தது.

அக்கா சட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த மூஞ்சிய யாருக்குத் தெரியும்? நாங்க எல்லாருக்கும் அண்ணேன்னுதான் சொல்லுவோம். ஒங்களக்கூட அண்ணேன்னுதான் சொல்லுவோம். ஏய், மண்வாரி! சட்டியத் தொட்ட, கைய ஒடிப்பேன்!"

உதவி மேனேஜர் நம்பவில்லை. அவர் கண் என் வீட்டுக்காரர் முகத்திலிருந்து என் முகத்துக்கு வந்தது. என் முகத்தைப் படிக்கக் கண்ணாடிகூடத் தேவையில்லை. "உண்மையைச் சொல்லும். இது ஆர் உமக்கு?" என்று அவரிடம் கேட்டு என்னைக் கை காட்டினார்.

அப்போது அக்கா எழுந்தாள். சாரோங்கை இழுத்துச் செருகினாள். எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கடலுக்குள் நடந்தாள்.

இடுப்பு. மார்பு. "ஐயோ, போறேனே! காப்பாத்துங்க!" என்று கையைத் தூக்கிக் கத்தினாள். அந்தக் கத்தலில் பாதி பாசாரில் தவுக்கேயிடம் போடுகிற கத்தல். எங்கள் பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கும் புரிந்துவிட்டது. நடிக்கிறாள். உதவி மேனேஜர் கண்ணை என்மேலிருந்து எடுக்க நடிக்கிறாள்.

அடுத்த அலை அவள் தலைக்கு மேலே வந்தது.

கை தெரிந்தது. பிறகு கை தெரியவில்லை. சத்தமும் இல்லை. அவ்வளவு பெரிய குரல் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். வெயிலில் அது மின்னிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. அக்காவுக்கு நீந்தத் தெரியுமா என்று நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. கடல் முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று சொல்கிறவளிடம் யார் கேட்பார்கள்?

"அக்கா!" என்று கத்தினேன். கத்தினது என் குரலா என்றுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் எங்கே நின்றேன் என்றும் எனக்குத் தெரியாது. மண்வாரி மணலில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் பாய்ந்தார். துறைமுகத்துத் தண்ணீரில் விழுந்து எழுந்து பழகிய உடம்பு. ஒரு முழுக்கு. வெறும் கையோடு மேலே வந்தார். மறு முழுக்கு. தண்ணீர் மூடிக்கொண்டது. நான் முருகனைக் கூப்பிடக்கூட மறந்துவிட்டேன். பிறகு தொப்பி இல்லாத தலை ஒன்று தெரிந்தது. அவர் கையில் அக்காவின் கொண்டை.

கரைக்கு இழுத்துக்கொண்டு வந்து குப்புறப் போட்டார்கள். உதட்டில் நீலம். பாக் மாட் முதுகை அமுக்கினார். ஒன்றும் இல்லை. மறுபடியும் அமுக்கினார். அக்கா ஒரு குடம் கடலைக் கக்கினாள். பிறகு, கண்ணைத் திறக்காமலே, "சட்டி பத்திரம்" என்றாள்.

வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். எழுந்து இடம் கொடுத்தவர் தன் துண்டைக் கொண்டுவந்து அக்காவுக்குப் போர்த்தினார். பூச்சட்டைப் பெரியவர் மாடத்திலிருந்து இறங்கிவந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உதவி மேனேஜர் சட்டென்று நிமிர்ந்து, "அவர் ஸ்டாஃப், சேர்" என்றார். தானே குதித்துத் தூக்கி வந்த மாதிரி.

அப்போதுதான் கீழே பார்த்தேன். நான் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது இறங்கினேன்? தெரியாது. பார்த்த பிறகுதான் பயம் வந்தது. அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தேன். அதையும் பார்த்துச் சிலர் கை தட்டினார்கள்.

ஹோட்டல் பீங்கான் கோப்பையில் அக்காவுக்குத் தேநீர் வந்தது. கொண்டுவந்தவர் உதவி மேனேஜரேதான். குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்: "அம்மா, இனி வாறதெண்டால் அந்தப் பாறைப் பக்கமா வாங்கோ. அங்க காவல் இல்லை. நானும் பாக்கமாட்டன்." பிறகு என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். சப்பாத்தில் தண்ணீர் சளக் சளக் என்றது. அவரைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமானது.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஹோட்டல் துண்டு தோளில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. நான் அவள் பக்கத்தில். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நீச்சல் தெரியாதாக்கா ஒனக்கு?"

அவள் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நெசமா முங்குனியா, இல்ல நடிச்சியா? சொல்லு. பாசாங்கா?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பாசாங்தான்."

கடல் ஏறியிருந்தது என்று சொன்னாளா, நடிப்பு என்று சொன்னாளா? மறுபடி கேட்டேன். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவள் கை ஜெலுத்தோங் வரும் வரைக்கும் நடுங்கிக்கொண்டே இருந்தது. மீன் வாடை அடிக்கிற, அருவாமனைத் தழும்பு உள்ள கை. அதுவரைக்கும் அது நடுங்கி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் ஞாயிறுதோறும் போனோம், பாறைப் பக்கமாக. அக்கா சட்டம் பேசினாள், விசில் அடித்தாள், எல்லோரையும் தண்ணீரில் தள்ளிவிட்டாள். அவள் மட்டும் முழங்காலுக்கு மேல் இறங்கவே இல்லை. கேட்டால், "சாரோங் நனைஞ்சிரும் லா" என்பாள். வருடக்கணக்கில் அதையே சொன்னாள். எங்கள் மாடியில் ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை. வாய் இருக்கிற இடத்தில் புத்தி இல்லாதவள்கூடப் பேசவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. படுக்கையில், காய்ச்சலில் போனாள். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஃபிளாட்டை விட்டு நாங்களும் வந்துவிட்டோம். பலகை இன்னும் நிற்கிறது. எனக்குக் கடல் பயமும் போகவில்லை.

ஆனாலும் ஆடி அமாவாசைக்கு மட்டும் பஸ் ஏறிப் போய்விடுகிறேன். முழங்கால் வரைக்கும் இறங்கி, நடுங்கிக்கொண்டே, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். அக்காவுக்கும் வேறு யாரும் இல்லை, அவளுக்கும் சேர்த்து விடேன் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்.

நான் விடுவதில்லை. எங்களுக்காக அவள் குடித்த தண்ணீர் போதும்.